ஏரிக்கு ஒரு மாப்பிள்ளை

உலகத்தில் எந்தத் தொழிலையும் தொடங்குவதற்கு நிலம், உழைப்பு, மூலதனம், துணிவு என்ற நான்கும் போதும். ஐந்தாவதாக மனைவி தேவைப்படும் தொழில் எந்த நாட்டிலும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இதைச் சொன்னவன் வரதன். சொன்ன இடம், லைட்ஹவுஸ் குப்பத்து அம்மன் கோயில் வாசல். ஏறி நின்றது, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டு கேட்டவர்களும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், அந்த நான்கில் நீச்சல் வராதா என்று கேட்டார். வராது என்றான் வரதன். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

சென்ற வாரம் நடந்த அந்தப் பிரசங்கத்தை வாசகர்கள் மறந்திருக்கலாம். குப்பம் மறக்கவில்லை. இந்த வாரத்துச் சங்கடமே அதுதான்.

வரதன் பட்டணத்தில் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவு படிக்கிறான். வகுப்பில் அவனைத் தவிர மற்ற எல்லோரும் பேங்க் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். பாடம் நடத்திய பேராசிரியர் துளசிங்கம் தம் வாழ்நாளில் விற்ற ஒரே பொருள் அவருடைய பழைய ஸ்கூட்டர், அதிலும் நஷ்டம். ஆனாலும் கண்டிப்பானவர். ஒவ்வொரு மாணவனும் நிஜமாகவே ஒரு தொழிலைத் தொடங்கிக் கடைசிப் பருவம் முடியும் வரை நடத்திக் காட்ட வேண்டும். அதே சமயம் வகுப்புக்கும் தவறாமல் வர வேண்டும். வருகை குறைந்தால் பரீட்சை கிடையாது, உதவித்தொகையும் போய்விடும்.

ஒருவன் ஹாஸ்டலில் சோப்பு விற்றான். ஒருவன் ரப்பர் ஸ்டாம்பு செய்தான். வரதன் ஏரி இறாலைத் தேர்ந்தெடுத்தான். அவன் நைனா என்று கூப்பிடும் அப்பா பிடிக்கிற இறாலை, பழவேற்காட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் அப்துல் ஹை பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றுவான்; பட்டணத்து ஓட்டல்கள் நேரே வாங்கிக்கொள்ளும். நிர்வாக இயக்குநர் என்று போட்டு வரதன் விசிட்டிங் கார்டுகூட அடித்துவிட்டான். அம்மா செல்வம்மாள் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருந்தாள்.

தொழிலைப் பெரிதாக்க ஏரியில் இன்னொரு பங்கு வேண்டும் என்று அவன் ஊரைக் கேட்டபோதுதான் சிக்கல். ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் சில. எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் விழுந்தால் மண்டை உடையும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை கோயிலில் பானைக்குள் ஓலை போட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்காரன் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பானையில் ஓலை போடத் தலைக்கட்டாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவன் தலை நரைத்தாலும் தலைக்கட்டு இல்லை.

அதைக் கேட்டுத்தான் வரதன் ஐஸ் பெட்டி மேல் ஏறினான். வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டு வந்தால்தான் வலை கட்டலாம் என்றால், இந்த ஊரில் நடப்பது மீன்பிடித் தொழிலா, தட்டு தூக்கும் தொழிலா என்று கேட்டான்.

அடுத்த நாள் நைனா ஆதிநாராயணன் ஏரியில் காலை வைத்த இடத்தில் திருக்கை படுத்திருந்தது. முள் பாதத்தில் ஏறி விஷம் முழங்கால் வரை வந்துவிட்டது. உயிர் தப்பியது. இந்த வருஷம் முழுக்கக் கால் தண்ணீரில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தண்ணீரில் இறங்க முடியாதவன் பானையில் ஓலை போட முடியாது. அந்த வீட்டில் கல்யாணமான மகன் இருந்தால் அவன் போடலாம். இல்லையென்றால் பங்கு போய்விடும். போன பங்கு திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஓலை குலுக்கும் நாள் இன்று. விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும்.

காலையில் வரதன் குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் பித்தளைத் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், கதம்பம். அம்மா பேசாமல் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள் என்பது தட்டின் பளபளப்பில் தெரிந்தது.

பெண், குப்பன் மகள் வேலம்மா. ஊர்த் தலைவரான நாட்டார் செங்கல்வராயனிடம் அம்மா ஏற்கெனவே பேசிவிட்டாள். தட்டு மாற்றிக்கொண்டாலே தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டாராம். தாலியைத் தை மாதம் கட்டிக்கொள்ளலாம். குப்பன் மட்டும், பெண்ணின் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குப்பத்தில் எந்தத் தகப்பனும் அதுவரை சொல்லாத வார்த்தை அது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

வரதன் பேசத் தொடங்கினான். குடும்பம் வேறு, நிறுவனம் வேறு என்றான். இரண்டையும் கலந்ததால் சரிந்த கம்பெனிகளின் பெயர்களைச் சொன்னான். அம்மா பழத்தில் இருந்த கரும்புள்ளியை நகத்தால் சுரண்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"பேசி முடிச்சிட்டியா? தலைய தொவட்டு. ஈரம் சொட்டுது."

மூலையில் காலைச் சாக்கு மூட்டை மேல் நீட்டிப் படுத்திருந்த நைனா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"செல்வா, தட்ட எடுத்து உள்ள வை."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அவன் திங்கக்கிழம காலேஜிக்குப் போவட்டும். சாயங்காலம் நானே கோயிலாண்ட போயி, பங்க வுட்டுட்டேன்னு ஊராண்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"அப்பால இன்னா துன்னுவோம்?"

"அவன் சம்பாரிச்சி அனுப்புவான்."

நைனா அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். இதுவரை அந்த வீட்டுக்குத் தான் அனுப்பியது கண்ணாடியில் செருகியிருக்கும் கார்டு ஒன்றுதான் என்பது வரதனுக்கு நினைவு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

பெரியப்பா முறை ஆகும் செங்கல்வராயன் கரையில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். வரதன் நின்றபடியே வாதாடினான். கல்யாணம் ஆகாதவனுக்கு வலை கட்டத் தெரியாதா என்றான். தெரியும் என்றார். பலம் இருக்காதா என்றான். கூடவே இருக்கும் என்றார். பிறகு எதற்கு இந்த விதி என்று கேட்டதற்கு, தன் பாட்டனாரும் இதையே கேட்டதாகவும் அவருக்கும் யாரும் சொல்லவில்லை என்றும் சொல்லிவிட்டுத் தாரில் தோய்த்த துணியை மறுபக்கம் திருப்பினார்.

விதியை ஆதரித்துப் பேசாத ஆளிடம் எப்படி வாதாடுவது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லித் தரவில்லை. வரதன் திரும்பி நடந்தான். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"ஒண்ணு மட்டும் வெச்சிக்க வரதா. பாடு எடுத்தவன் ஊர்ல இருக்கணும். அவன் பாடு அன்னிக்கு அவன் கைதான் வலைல இருக்கணும். கூலிக்கு ஆள் வெச்சான்னு தெரிஞ்சா, அந்த வூட்டு ஓலைய கிழிச்சிப் போட்டுடுவோம். அப்பால பேரன் வந்து கேட்டாலும் கெடையாது."

ஊரில் இருப்பதென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் பரீட்சை இல்லை. கடைசிப் பருவம். குப்பத்தில் படிப்பில் அத்தனை தூரம் போனவன் வேறு யாரும் இல்லை. பெருமைக்காக மட்டும் அவன் படிக்கவில்லை. உச்சிவேளை பஸ்ஸில் வியாபாரிகள் வரும் வரை அம்மா ஏன் மீனை விற்காமல் கூடையிலேயே மூடி வைத்திருப்பாள் என்பதற்கு ஒரு புத்தகத்தில் முழு அத்தியாயமே இருந்தது. நூலகத்தில் அதைப் படித்த அன்று, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்து, சொல்ல ஆள் இல்லாமல் கடற்கரை வரை நடந்து போய்விட்டு வந்தான். அந்தப் புத்தகத்தில் பாதி இன்னும் மீதி இருக்கிறது.

தொழில் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பங்கு இல்லாவிட்டால் தொழில் இல்லை. மனைவி இல்லாவிட்டால் பங்கு இல்லை. மனைவியும் பங்கும் வந்தால் பட்டம் இல்லை. துளசிங்கம் கரும்பலகையில் இப்படி ஒரு வட்டம் போட்டிருந்தால் வரதன் ரசித்திருப்பான்.

படகுத்துறைக்குப் போவதற்குள் அவனுக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. கூலிக்கு வலை இழுக்கும் சுண்ணாம்புக்குளத்துச் சுப்பன் அவனைப் போலவே உயரம், அவனைப் போலவே ஒல்லி. வலை கட்டுவது இருட்டில். தலையில் துண்டைக் கட்டினால் யார் என்று யாருக்குத் தெரியும்? இன்று தட்டு மாற்றுவது, ஓலை போடுவது, திங்கட்கிழமை பட்டணம் போவது. பாடு வரும் நாட்களில் சுப்பன். இதற்கு அவன் மனதுக்குள் பொறுப்புப் பகிர்வு என்று பெயரிட்டான்.

துறையில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த அப்துல் ஹையிடம் இதைச் சொன்னான். அப்துல் ஹை சாக்கைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான். நல்ல யோசனைதான் என்றான். மாட்டிக்கொண்டால் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்றான். பிறகு சாக்கை இறக்கினான்.

"அது சர்தான் பாஸ். அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அப்துல் ஹை ஐஸின் மேல் உமியைத் தூவினான். வரதன் கருவாடு காயவைக்கும் திடலை நோக்கி நடந்தான்.

வேலம்மா மணலில் விரித்த பழைய வலைமேல் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அவள் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். அவன் வருவதைப் பார்த்தும் நிமிரவில்லை. காக்கை ஒன்றை விரட்டினாள்.

"இன்னா, நாலு பொருளும் கெடச்சிச்சா? இப்ப அஞ்சாவத தேடிக்கினு வந்துட்ட."

அன்று அவளும் கூட்டத்தில் இருந்தாளா என்று கேட்டான். அவளுடைய நைனாவின் வலையில் கண்ணி விட்டுப்போன இடத்தைத் தைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாளாம். அது கொள்கை அளவில் பேசியது, எந்தத் தனி நபரையும் குறிப்பிடவில்லை என்று வரதன் விளக்கினான். அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

"தட்டு மாத்திட்டா, திங்கக்கிழம நீ எங்க கீற?"

பொய் சொல்லத்தான் வந்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் திட்டம் முழுவதையும் சொல்லிவிட்டான். சுப்பனின் உயரம், தலைத்துண்டு, இருட்டு. பொறுப்புப் பகிர்வு என்ற சொல்லைக்கூட விடவில்லை. முடிக்கும்போது, எல்லாத் தொழிலிலும் கொஞ்சம் ரிஸ்க் உண்டு என்றான்.

வேலம்மா கையிலிருந்த மீனைப் பரப்பி முடித்துவிட்டுக் குதிகாலில் உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சி ஓலைய கிழிச்சா, யார் வூட்டு ஓலை?"

"எங்க வூட்டுது."

"அந்த வூட்ல அப்ப யாரு இருப்பா?"

வரதன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

"நீ பட்ணத்துல இருப்ப. ஒன் நைனாவால ஒழுங்கா நடக்க முடியாது. ஊரு பேசறத எல்லாம் கேட்டுக்கினு அந்த வாசப்படில நிக்கப் போறது நானு. ரிஸ்க்குன்ற. அது ஒன்னுதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்துத் திடலில் கூடை தட்டிக்கொண்டிருந்த கிழவிக்கே கேட்டிருக்காது. வரதனுக்குக் காது சூடாயிற்று.

அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் அம்மா தட்டோடு வந்தால், வெளியே வராமல் உள்ளேயே இருந்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டுமென்றால் அவனே தூக்கிக்கொண்டு வரட்டும்.

"வந்து, இருக்கியா போறியான்னு வாசல்ல நின்னு சொல்லு. நாலு பேர் காதுல வுழட்டும். போறேன்னாலும் சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன்."

மாப்பிள்ளையே தட்டு தூக்குவது வழக்கம் இல்லையே என்றான் வரதன். ஊர் வழக்கத்தை எதிர்த்து ஐஸ் பெட்டி மேல் ஏறியவன் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வேலம்மா அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து நெத்திலியைத் திருப்பத் தொடங்கினாள்.

மத்தியானம் முழுக்க வரதன் கலங்கரை விளக்கின் நிழலில் உட்கார்ந்திருந்தான். நிழல் நகர நகர அவனும் நகர்ந்தான். வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. நைனா வீட்டில் இல்லை. கொல்லைப்புறம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா துணைக்கு வந்து, பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

வரதன் பேண்ட்டைக் கழற்றி நைனாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டான். கூடத்துக்கு வந்து குனிந்து தட்டை எடுத்தான்.

"டேய், அதை இன்னாத்துக்கு நீ தூக்கற?" என்றாள் அம்மா.

அவன் படியிறங்கிவிட்டான். அம்மாவும் கஸ்தூரியும் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

தெருவில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. தட்டு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாழைப்பழம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை முகவாயால் தள்ளி நிறுத்தினான். யாரோ இருமினார்கள். இரும வேண்டிய அவசியம் இல்லாத இருமல் அது. நீச்சல் வராதா என்று கேட்ட அதே மனிதர் எழுந்து நின்று வழிவிட்டார். கிண்டலாகத் தெரியவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

குப்பன் வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தட்டோடு நின்றவனைப் பார்த்துத் தீக்குச்சியைக் கீழே போட்டார்.

"இன்னா தம்பி, நீயே வந்துட்ட? பொம்பளைங்க வர்லியா?"

பின்னாலிருந்து அம்மா, இதோ இருக்கிறோம் என்று மூச்சு வாங்கினாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது.

ஐஸ் பெட்டி மேல் அரை மணி நேரம் குறிப்பே இல்லாமல் பேசியவன், சரிந்த பழத்தை மறுபடியும் முகவாயால் தள்ளி நிறுத்தினான். கோயில் பக்கம் சேகண்டி அடித்தார்கள். பானையை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

"இருக்கேன்," என்றான்.

தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. என்ன சொன்னான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். குப்பன், மகள் உள்ளே இருப்பதால் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

வரதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பாதி மீதியிருக்கும் புத்தகம் ஒரு கணம் கண்ணுக்கு முன் வந்து போயிற்று.

"நான் பட்ணம் போவல. இங்கயே இருக்கேன். என் பாடு அன்னிக்கு என் கைதான் வலைல இருக்கும்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கதவு அசையவில்லை.

அப்போது கஸ்தூரி அக்கா அவன் தோளைத் தொட்டாள். "வரதா, அங்க பாரு. ஒன் நைனா."

திரும்பினான். வீடுகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், தோணி தள்ளும் கழியை ஊன்றிக்கொண்டு நைனா போய்க்கொண்டிருந்தார். காலில் கட்டிய துணி அவிழ்ந்து மணலில் இழுபட்டது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஊர் முன்னால் நின்று பேசும் நாளுக்கென்று வைத்திருந்த சட்டை. கோயிலுக்கும் அவருக்கும் நடுவில் கொஞ்சம் தூரம்தான்.

இங்கே மகன் சொன்னது அவருக்குத் தெரியாது. பங்கை விட்டுவிட்டேன் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்தால், அப்புறம் வாசலில் நிற்பவன் தலைக்கட்டும் இல்லை, மாணவனும் இல்லை.

அம்மா ஓடினாள். பட்டுப் புடவை காலைத் தடுத்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். அலைச் சத்தம் அதைத் தின்றுவிட்டது.

வரதன் ஓடினால் பிடித்துவிடலாம். ஓடுவதென்றால் தட்டைக் கீழே வைக்க வேண்டும். பெண் வீட்டு வாசலில் தட்டைத் தரையில் வைத்தாலோ வேறு கையில் கொடுத்தாலோ, கேட்ட பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். அதை மாப்பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. குப்பன் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் பக்கம் செங்கல்வராயன் முதல் வீட்டின் பெயரைக் கூப்பிட்டார்.

வரதன் கதவைப் பார்த்தான். பிறகு, வலித்த கைகளை மாற்றாமல், தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.